மூன்றரை வயதுப் பிள்ளையோடு ஐரோப்பா: ஆறு நாடா, மூன்று ஊரா?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கோவையிலிருந்து ஒரு குடும்பம்: கணவன், மனைவி, மூன்றரை வயது மகன், கூடவே மாமியார். மே மாதம் இரண்டு வாரம் ஐரோப்பா. டிராவல் ஏஜெண்ட் கொடுத்த திட்டத்தில் 13 இரவுகளுக்குள் பாரிஸ், பிரஸ்ஸல்ஸ், ஆம்ஸ்டர்டாம், கொலோன், சுவிஸ், வெனிஸ், ரோம் எல்லாம் இருக்கின்றன. "குழந்தை தாங்குவானா, இல்லை அவனுக்கு ஏழெட்டு வயது ஆகும்வரை காத்திருக்கலாமா?" என்று கேட்டிருக்கிறார்கள்.

காத்திருக்க வேண்டாம், போய் வாருங்கள். ஆனால் இந்தத் திட்டத்தோடு போகாதீர்கள். நான் ஜெர்மனியில் பல வருடமாக இருக்கிறேன். என் மகள் நடக்கத் தொடங்கிய நாளிலிருந்து ஆண்டுக்கு இரண்டு மூன்று முறையாவது அவளோடு ரயிலேறியிருக்கிறோம். ஊரிலிருந்து வந்த உறவினர்களின் திட்டங்களையும் நிறையவே பார்த்தாயிற்று. ஒரு திட்டம் கைக்கு வந்தால் நான் முதலில் எண்ணுவது பெட்டி கட்டும் காலைகளை. உங்களுடையதில் ஏழு இருக்கிறது. அப்படி ஒரு காலை எப்படிப் போகும் என்று யோசித்துப் பாருங்கள். ஆறரைக்கு எழுந்து, காய்ந்தும் காயாத துணிகளை மடித்து, பால் குடிக்க வைத்து, ஹோட்டலைக் காலி செய்து, ஸ்டேஷனுக்குப் போய், நாலு மணி நேரம் ரயிலிலோ பஸ்ஸிலோ உட்கார்ந்து, புது ஊரில் இறங்கினால் அறை மூன்று மணிக்குத்தான் கிடைக்கும். அவன் மதியத் தூக்கம் அதற்குள் கெட்டுப்போயிருக்கும். சாயங்காலம் அவன் அழுவதற்குக் காரணம் ஐரோப்பா இல்லை, அந்தக் காலை.

அதனால் 13 இரவுகளை இப்படிப் பிரிக்கச் சொல்வேன்: பாரிஸ் 5, சுவிட்சர்லாந்தின் லூசெர்ன் 5, மியூனிக் 3. ஊர் மாறுவது இரண்டே முறை. பாரிசில் இறங்கி மியூனிக்கிலிருந்து திரும்பும்படி டிக்கெட் எடுத்துவிட்டால் வந்த வழியே ஒரு நாளை வீணடிக்கவும் வேண்டாம். வெனிஸ் போகவில்லையே என்று இருக்கும். நானூறு பாலம் இருக்கிற ஊர் அது, பெரும்பாலானவற்றில் படிக்கட்டு. குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு, மூட்டுவலி உள்ள மாமியாரையும் கைப்பிடித்து ஒவ்வொரு பாலமாக ஏறி இறங்குவதை இந்த முறை தள்ளிப் போடுவதில் தவறில்லை.

முதல் மூன்று நாள் உங்கள் கையில் இருக்காது, அவன் உடம்பின் கையில் இருக்கும். மே மாதத்தில் நமக்கும் அங்கேயும் மூன்றரை மணி நேர வித்தியாசம். ஊரில் ஏழு மணிக்கு எழுகிற பிள்ளை பாரிசில் விடிகாலை மூன்றரைக்குக் கண் விழிப்பான், சாயங்காலம் ஐந்து ஆறுக்கே சொக்குவான். அதோடு போராட வேண்டாம். நாலரைக்கு அறையிலேயே கொஞ்சம் சாப்பிடக் கொடுத்துவிட்டு, ஏழு மணிக்கு ட்ரோகாடெரோ பக்கம் போய் நில்லுங்கள். பகலில் கால் வைக்க இடமில்லாத அந்தத் தளம் அப்போது கிட்டத்தட்ட காலியாக இருக்கும். எதிரே ஈஃபில் கோபுரம், இவன் ஓடி விளையாட அத்தனை இடம். திரும்பும் வழியில் பேக்கரி திறந்திருக்கும். இருட்டிய பிறகு மணிக்கொரு முறை கோபுரம் ஐந்து நிமிடம் மினுமினுக்கும், அதை அவனுக்குக் காட்ட வேண்டும் என்று மட்டும் பிடிவாதம் பிடிக்காதீர்கள். மே கடைசியில் பாரிசில் சூரியன் மறையவே ஒன்பதரைக்கு மேல் ஆகிவிடும். பெரியவர்களில் ஒருவர் போய்ப் பார்த்துவிட்டு வரட்டும். மாமியார் கூட வருவதன் பெரிய வசதியே இதுதான், இரவில் யாராவது ஒருவர் வெளியே போக முடியும். வெளிச்சம் இருக்கும்வரை தூங்காத பிள்ளை என்றால், தங்குமிடத்தில் கனமான திரைச்சீலை இருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

பாரிஸ் மெட்ரோ அழகான ஏற்பாடு, ஆனால் தள்ளுவண்டிக்குச் சுத்தமாக ஒத்துவராது. பழைய ஸ்டேஷன்களில் லிஃப்ட் அபூர்வம். ரயில் மாற ஒரு படிக்கட்டு இறங்கி இன்னொன்று ஏற வேண்டும். 14ஆம் நம்பர் லைன் மட்டும் விதிவிலக்கு, அதில் எல்லா ஸ்டேஷனிலும் லிஃப்ட் உண்டு. மற்றபடி பஸ்ஸில் போங்கள். நடுக்கதவு வழியாகத் தள்ளுவண்டியோடு அப்படியே ஏறலாம், அதற்கென்று இடமும் விட்டிருப்பார்கள், ஜன்னல் வழியாக ஊரையும் பார்த்துக்கொண்டு போகலாம். நாலு வயதுக்குக் கீழே டிக்கெட் கிடையாது. வண்டி சின்னதாக, ஒரு கையால் மடிக்கக்கூடியதாக, தோளில் மாட்டப் பட்டை உள்ளதாக இருக்கட்டும். "எங்கள் பையன் நன்றாக நடப்பானே, வண்டி எதற்கு?" என்று பலர் கேட்பார்கள். ஊரில் அவன் ஒரு நாளில் பத்து கிலோமீட்டர் நடந்ததில்லை. அதில் அவன் உட்காரவில்லை என்றால் பையாவது உட்காரும், மதியம் பூங்காவில் அவன் படுக்கையாகவும் ஆகும்.

ஒரு நாளைக்கு ஒரே ஒரு பெரிய விஷயம், அதுவும் காலையில். மதியத்துக்கு மேல் பூங்கா. நாங்கள் இதை ஒரு விதியாகவே வைத்திருக்கிறோம். பாரிசில் அந்தப் பூங்கா லக்ஸம்பர்க் தோட்டமாக இருந்தால் ரொம்ப நல்லது. நடுவில் எட்டுக்கோண வடிவில் ஒரு பெரிய குளம். ஒரு தள்ளுவண்டிக் கடைக்காரர் மரப் பாய்மரப் படகுகளை வாடகைக்குத் தருவார், கூடவே ஒரு நீளக் குச்சியும். வேறு ஒன்றுமே கிடையாது: மோட்டார் இல்லை, ரிமோட் இல்லை. பிள்ளை குச்சியால் படகைத் தள்ளிவிடும், காற்று அதை எதிர்க்கரைக்குக் கொண்டுபோகும், பிள்ளை குளத்தைச் சுற்றி அங்கே ஓடி மறுபடி தள்ளிவிடும். என் மகள் அப்படி அரை மணி நேரம் ஓடினாள். அவள் படகு நடு நீரூற்றுக்கு அடியில் மாட்டிக்கொண்டு நனைந்தபோது மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள், காற்று திரும்பி அது அவள் பக்கமே வந்ததும் கூச்சலிட்டாள். பாரிஸ் என்றால் இன்றைக்கும் அவளுக்கு நினைவு வருவது அந்தப் படகுதான். புதன் பிற்பகலிலோ சனி, ஞாயிறிலோ போங்கள், உள்ளூர்ப் பிள்ளைகளும் நிறைய இருப்பார்கள். மொழி தெரியாமலேயே இவன் அவர்களோடு சேர்ந்துகொள்வான்.

லூவ்ர் அருங்காட்சியகத்துக்கு நாலு பேரும் சேர்ந்து போக வேண்டியதில்லை. பதினெட்டுக்குக் கீழே இலவசம்தான், ஆனால் மோனாலிசா முன்னால் நிற்கும் கூட்டத்தில் மூன்றரை வயதுப் பிள்ளைக்குத் தெரிவது முழங்கால்கள் மட்டுமே. உங்களில் ஒருவர் காலையில் உள்ளே போகட்டும், மற்றவர்கள் பக்கத்திலேயே துயிலரி தோட்டத்தில் ராட்டினமும் விளையாட்டுத் திடலுமாக இருக்கலாம். அடுத்தவர் மறுநாள் போகட்டும். செவ்வாய்க்கிழமை விடுமுறை என்பதை மறந்துவிடாதீர்கள். ஈஃபில் கோபுரத்தில் இரண்டாம் தளமே தரையிலிருந்து 116 மீட்டர். அது போதும், உச்சிக்குப் போக இன்னொரு வரிசையில் அவனை நிறுத்த வேண்டாம்.

சாப்பாட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், பாதி அழுகை பசியால்தான் வருகிறது. ஃபிரான்சில் பெரும்பாலான உணவகங்களில் இரவுச் சமையலறை ஏழு மணிக்குத்தான் திறக்கும். உங்கள் பையன் அப்போது தூக்கத்தில் இருப்பான். அதனால் சமையலறையும் வாஷிங் மெஷினும் உள்ள அபார்ட்மெண்ட் எடுங்கள். பாரிசின் பழைய கட்டடங்களில் பலவற்றுக்கு லிஃப்ட் இருக்காது, முன்பதிவு செய்யும்போதே கேட்டுவிடுங்கள். காலையும் இரவும் வீட்டுச் சாப்பாடு, மதியம் வெளியே. லூசெர்ன், மியூனிக் சூப்பர்மார்க்கெட்டுகளில் "மில்ஷ்ரைஸ்" என்று ஒரு அரிசி கிடைக்கும். பால் பாயசத்துக்கான குட்டையான அரிசி அது. கொஞ்சம் தண்ணீர் கூட விட்டு வேகவைத்தால் நன்றாகக் குழைந்துவிடும். சர்க்கரை சேர்க்காத தயிரைப் பார்த்து வாங்கி அதில் பிசைந்தால், ஊரில் சாப்பிடுகிற தயிர்சாதத்துக்கும் இதற்கும் அவன் வித்தியாசம் சொல்ல மாட்டான். வாங்கும்போது வெனிலா தயிரை எடுத்துவிடாதீர்கள், டப்பா இரண்டும் ஒன்றுபோல இருக்கும்.

நெய்யை ஊரிலிருந்து கொண்டு வரக் கூடாது. வெளிநாட்டிலிருந்து வரும் பயணிகள் பால் பொருட்களையும் இறைச்சியையும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் எடுத்து வரத் தடை இருக்கிறது, பால்கோவாவும் அதில் அடங்கும். கறிவேப்பிலைக்கும் தாவரச் சுகாதாரச் சான்றிதழ் கேட்பார்கள், விட்டுவிடுங்கள். குழந்தைகளுக்கான பால் பவுடர் பிரிக்காத டப்பாவாக இரண்டு கிலோ வரை பரவாயில்லை. நெய்க்குப் பதிலாக ஜெர்மனியில் "புட்டர்ஷ்மால்ட்ஸ்" என்று கேட்டு வாங்கலாம், உருக்கிய வெண்ணெய்தான். பருப்புப் பொடி, இட்லிப் பொடி, ரசப் பொடி இவற்றைத் தாராளமாக எடுத்து வாருங்கள். தீர்ந்துபோனால் பாரிசில் லா ஷப்பெல் மெட்ரோ ஸ்டேஷனைச் சுற்றியுள்ள தெருக்களுக்குப் போங்கள். ஈழத்தமிழர் கடைகள் வரிசையாக இருக்கும், பெயர்ப்பலகைகளே தமிழில் இருக்கும். மாணிக்க விநாயகர் ஆலயமும் அங்கிருந்து நடக்கிற தூரம். மூன்று நாலு நாள் வேற்றுமொழியே கேட்ட பிறகு உங்கள் மாமியாருக்கு அந்த ஒரு மதியம் பெரிய ஆறுதலாக இருக்கும்.

பாரிசிலிருந்து லூசெர்னுக்கு விமானம் வேண்டாம். பாரிசின் "கார் த லியோன்" ஸ்டேஷனிலிருந்து சுவிஸ் எல்லை ஊரான பாசலுக்கு ரயிலில் மூன்று மணி நேரம், அங்கே மாறி லூசெர்ன் ஒரு மணி நேரம். இந்த வயதுக்கு ஃபிரெஞ்சு ரயிலில் டிக்கெட் இல்லாமலே மடியில் வைத்துக்கொள்ளலாம் என்றாலும், மூன்று மணி நேரத்துக்கு அவனுக்கும் ஒரு இருக்கை வாங்கிவிடுங்கள். சுவிஸிலும் ஜெர்மனியிலும் ஆறு வயதுக்குக் கீழே ரயில் இலவசம். சுவிஸின் இரண்டடுக்கு இன்டர்சிட்டி ரயில்களில் சிலவற்றில் மேல்தளத்திலேயே சறுக்குமரம் உள்ள குடும்பப் பெட்டி இருக்கும். பிள்ளைகள் விளையாட, பெற்றோர் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கலாம். ஜெர்மனியின் அதிவேக ஐசிஇ ரயில்களில் சிறு குழந்தைகளோடு வருபவர்களுக்கென்றே ஒரு தனி அறை உண்டு, முன்பதிவில் அதைக் கேட்டு வாங்க வேண்டும். பயணத்தின் ஒரு பகுதியே விளையாட்டாகிவிடும் என்பதால்தான் நான் விமானத்தைவிட ரயிலைச் சொல்கிறேன்.

லூசெர்னில் ஐந்து இரவு எதற்கு என்று ஏஜெண்ட் கேட்பார். ஊரே ஏரிக்கரையில் இருக்கிறது. தெருக் குழாய் ஊற்றுகளில் வருவது குடிக்கும் தண்ணீர். அன்னங்கள் கரைக்கே வரும். ஹோட்டலில் தங்குவோருக்கு உள்ளூர்ப் பஸ்ஸில் இலவசமாகப் போக ஒரு அட்டை தருவார்கள். மழை பெய்தால் போக்குவரத்து அருங்காட்சியகம் இருக்கிறது. நிஜ ரயில் எஞ்சின்கள், விமானங்கள், வெளியே பிள்ளைகள் ஓட்டி விளையாடும் வண்டிகள் என்று ஒரு முழு நாள் போய்விடும். வெயில் அடித்தால் ரிகி மலை. படகில் ஒரு மணி நேரம் போய் விட்ஸ்னாவில் இறங்கினால் எதிரிலேயே சிவப்புப் பல்சக்கர ரயில் நிற்கும். 1871ல் தொடங்கிய பாதை, ஐரோப்பாவின் முதல் பல்சக்கர மலை ரயில். உச்சியே 1,798 மீட்டர்தான். இந்திய பேக்கேஜ்கள் எல்லாவற்றிலும் டிட்லிஸ் (3,020 மீட்டர்) அல்லது யுங்ஃப்ராவ்யோக் (3,454 மீட்டர்) இருக்கும். பனி பார்க்கத்தான். ஆனால் அந்த உயரத்துக்கு ஒரே மூச்சில் ஏற்றிச் செல்லும்போது காது அடைக்கும், தலை வலிக்கும். மூன்றரை வயதுப் பிள்ளைக்கு அதைச் சொல்லத் தெரியாது, சிணுங்கும், வாந்தி எடுக்கும். மாமியாருக்கு ரத்த அழுத்தமோ இதயப் பிரச்சினையோ இருந்தால் இன்னும் யோசிக்க வேண்டும். ரிகியில் படகும் ரயிலும் மாட்டு மணிச்சத்தமும் அவனுக்குக் கிடைக்கும். எனக்கு அதுவே நிறைவான நாள்.

அடுத்தது காய்ச்சல். வரும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். என் மகளுக்கு மூன்று வயதில் ஆல்ப்ஸ் அடிவாரத்து ஒரு சின்ன ஜெர்மன் ஊரில், ஞாயிற்றுக்கிழமை இரவு, உடம்பு நெருப்பாகக் கொதித்தது. கொண்டு வந்திருந்த மருந்து பாட்டில் பெட்டிக்குள் கவிழ்ந்து காலியாகிவிட்டது. என் கணவர் மருந்துக்கடைக்கு ஓடினார், பூட்டியிருந்தது. ஆனால் கதவுக் கண்ணாடியில் ஒரு தாள்: இன்றிரவு எந்தக் கடை முறை வைத்துத் திறந்திருக்கிறது என்ற விவரம். அடுத்த ஊர், ஆறு கிலோமீட்டர். அங்கே போய் மணியை அழுத்தினால், கதவில் ஒரு சிறிய ஜன்னல் திறந்தது. அந்த அம்மாள் முதலில் கேட்டது வயதை அல்ல, எடையை. மருந்தை ஜன்னல் வழியாகவே கொடுத்தார், இரவுச் சேவைக்குக் கூடுதலாக இரண்டரை யூரோ. இந்த முறை வைக்கும் ஏற்பாடு ஃபிரான்சிலும் சுவிஸிலும் உண்டு.

ஆகவே: புறப்படுமுன் அவன் எடையைப் பார்த்து எழுதி வையுங்கள். உங்கள் குழந்தை மருத்துவரிடம், அந்த எடைக்குப் பாராசிட்டமால் எத்தனை மில்லிகிராம் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நம் ஊரில் ஒரே மருந்து 5 மில்லிக்கு 120 என்றும் 250 என்றும் இரண்டு வீரியத்தில் விற்கிறது. ஃபிரான்சில் "டோலிப்ரான்" என்ற பாராசிட்டமால் மருந்து வாங்கினால் கூடவே கிலோ கணக்கில் கோடு போட்ட சிரிஞ்சு இருக்கும். ஒரு மருந்தின் அளவுகோலால் இன்னொன்றை ஊற்றிவிடக் கூடாது. ஓ.ஆர்.எஸ். பொட்டலங்கள் நாலைந்து வையுங்கள். அவசரம் என்றால் மூன்று நாட்டிலும் 112. ஜெர்மனியில் உயிருக்கு ஆபத்தில்லாத, ஆனால் காலைவரை காத்திருக்க முடியாத நிலைக்கு 116117. பாதுகாப்புச் சோதனையில் 100 மில்லி கட்டுப்பாடு குழந்தையின் பாலுக்கும் மருந்துக்கும் கிடையாது, வெளியே எடுத்துக் காட்டினால் போதும்.

கழிவறைகளில் கழுவிக்கொள்ளத் தண்ணீர்க்குழாய் இருக்காது. மூடியைத் திருகாமல் அழுத்தினாலே தண்ணீர் வரும் பாட்டில் ஒன்று எப்போதும் பையில் இருக்கட்டும். ஜெர்மனி, ஆஸ்திரியாவில் "டிஎம்" என்ற கடைகளில் டயபர் மாற்றும் மேசை இருக்கும், மேசையோடு டயபரும் இலவசமாக வைத்திருப்பார்கள். இரவுக்கு மட்டும் டயபர் போடுகிற வயதானாலும் வழியில் இது கைகொடுக்கும். ஞாயிற்றுக்கிழமை ஜெர்மனியில் கடைகள் மூடியிருக்கும். மே மாதத்தில் அரசு விடுமுறைகளும் அடுத்தடுத்து வரும். சனிக்கிழமையே பால், ரொட்டி, பழம் வாங்கிவிடுங்கள். தவறினால் பெரிய ரயில் நிலையத்துக்குள் இருக்கும் கடை திறந்திருக்கும். பிளக்கைப் பற்றி ஒன்று: மெல்லிய இரண்டு முனை சார்ஜர் மூன்று நாட்டிலும் சேரும். தடித்த உருண்டைப் பிளக் சுவிஸ் சாக்கெட்டில் நுழையாது. குட்டி ரைஸ் குக்கர் கொண்டு வருவதாக இருந்தால் அதற்கான அடாப்டரை ஊரிலேயே வாங்கி வாருங்கள்.

மியூனிக்கில் மூன்று நாள், அதிகம் திட்டமிட வேண்டாம். ஒரு காலை மரியன்பிளாட்ஸில் பதினொரு மணிக்குப் பொம்மைகள் ஆடும் மணிக்கூண்டு. ஒரு நாள் டாய்ச்சஸ் அருங்காட்சியகத்தின் சிறுவர் பகுதி, தண்ணீரில் விளையாடுவான், மாற்று உடை எடுத்துப் போங்கள். மீதி நேரம் இங்கிலீஷ் கார்டனில் புல்வெளி. ஒவ்வொரு பேட்டையிலும் மணல் போட்ட விளையாட்டுத் திடல் இருக்கும், கடைசி நாள் அங்கேயே போனாலும் அவனுக்குக் குறையில்லை.

கடைசியாக விசா. இதைத்தான் நீங்கள் முதலில் செய்ய வேண்டும். மூன்று நாட்டுக்கும் சேர்த்து ஒரே விசாதான், அதிக நாள் தங்கும் நாட்டிடம் கேட்க வேண்டும். பாரிஸ் 5, சுவிஸ் 5 என்று சமமாக இருப்பதால், முதலில் நுழையும் நாடான ஃபிரான்சிடம் விண்ணப்பியுங்கள். பயணத்துக்கு ஆறு மாதம் முன்னாலிருந்து விண்ணப்பிக்கலாம். பதினைந்து நாள்தான் கடைசிக் கெடு என்றாலும் ஏப்ரலில் தேதி கிடைப்பதே கஷ்டம், டிசம்பர், ஜனவரியிலேயே பிடித்துவிடுங்கள். பெரியவர்களுக்கு 90 யூரோ, ஆறு வயதுக்குக் கீழே விசாக் கட்டணம் இல்லை, பன்னிரண்டுக்குக் கீழே கைரேகையும் இல்லை. மகனுக்குத் தனி பாஸ்போர்ட் இருக்க வேண்டும். பெற்றோர் இருவர் பெயரும் உள்ள பிறப்புச் சான்றிதழின் நகலை இரண்டாக எடுங்கள், ஒன்று விண்ணப்பத்துக்கு, ஒன்று கைப்பையில். மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். மாமியாருக்கு எடுக்கும்போது, ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு அது பொருந்துமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஏஜெண்டிடம் இதையெல்லாம் சொல்லும்போது ஹோட்டல்களுக்குப் பணம் கட்டிவிட்டாரா என்று முதலில் கேளுங்கள். கட்டவில்லை என்றால் இன்றைக்கே திட்டத்தை மாற்றச் சொல்லலாம்.